ஸ்கூல் போர்டில் தொடங்கும் அரசியல்: அமெரிக்கப் பழமைவாதக் கிறிஸ்தவர்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் நெருங்கினால் டெக்சாஸ் புறநகர்களில் வீட்டுப் புல்வெளிகளில் சின்ன அட்டைகள் முளைக்கும். ஒரு பெயர், அதன் கீழே "ஸ்கூல் போர்டு ட்ரஸ்டி", அதாவது ஊர் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் வாரியத்தின் உறுப்பினர். சிலவற்றில் விசுவாசம், குடும்பம் என்று ஒரு வரி. கட்சிப் பெயர் இருக்காது. இவர் யார், எந்தப் பக்கம், சபைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நம் ஆட்கள் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஊரிலிருந்து செய்தி பார்க்கிறவர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என் சார்பு என்ன என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னத் தேர்தல்களை மதித்து அதில் உழைக்கிறவர்களை, அவர்கள் கொள்கை எனக்கு ஒத்துவராதபோதும், நான் மதிக்கிறேன். வாக்காளரிடம் தன்னை மறைத்துக்கொள்கிறவர்களை மதிப்பதில்லை.

'பழமைவாதக் கிறிஸ்தவர்கள்' என்று யாரைச் சொல்கிறார்கள்? எல்லாக் கிறிஸ்தவர்களையுமா?

இல்லை. பெரும்பாலும் வெள்ளையின இவாஞ்சலிக்கல் சபையினரை, அதாவது வேதத்தையும் தனிமனித மனமாற்றத்தையும் வலியுறுத்தும் புராட்டஸ்டன்ட் சபையினரைச் சொல்கிறார்கள். பாப்டிஸ்டுகள், பெந்தெகொஸ்தேக்காரர்கள், எந்தப் பிரிவையும் சேராத சுயாதீன சபைகள் எல்லாம் இதில் வரும். கருக்கலைப்பு, திருமணம், பள்ளிப் பாடம், மதச் சுதந்திரம் ஆகியவை இவர்களுடைய முக்கியமான விஷயங்கள். கத்தோலிக்கர்களில் ஒரு பெரிய பகுதியும் மார்மன் சபையாரும் பல விஷயங்களில் இவர்களோடு நிற்கிறார்கள். 2016, 2020, 2024 என்று மூன்று ஜனாதிபதித் தேர்தல்களிலும் வெள்ளையின இவாஞ்சலிக்கல் வாக்காளர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வரை டிரம்புக்குப் போட்டதாக வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்புகள் காட்டின.

ஆனால் கறுப்பின சபைகளை மறந்துவிடக் கூடாது. வேத பக்தியில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. குடும்பம், ஒழுக்கம் பற்றி அங்கே கேட்கும் பிரசங்கம் பல நேரம் வெள்ளையர் சபையில் கேட்பதைப் போலவே இருக்கும். அவர்கள் பெருவாரியாக ஜனநாயகக் கட்சிக்குப் போடுகிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை வேனிலேயே முன்கூட்டி வாக்களிக்கும் மையத்துக்குப் போகும் 'சோல்ஸ் டு த போல்ஸ்' வழக்கம் அவர்களுடையது. அதனால் 'கிறிஸ்தவ ஓட்டு' என்று ஒற்றைச் சொல்லில் யாராவது பேசினால், எந்தச் சபை, எந்தத் தெரு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இது எப்போது தொடங்கியது? கருக்கலைப்புத் தீர்ப்பால் வந்ததுதானே?

அப்படித்தான் பொதுவாகச் சொல்வார்கள். உண்மை கொஞ்சம் சிக்கலானது.

1962-இல் அரசுப் பள்ளிகளில் அரசு எழுதிக் கொடுத்த ஜெபத்தைச் சொல்ல வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, பள்ளி நாளை வேத வாசிப்போடு தொடங்குவதையும் நிறுத்தியது. பலருக்கு அது வீட்டுக்குள் கை வைத்தது போல இருந்தது. 1973-இல் ரோ எதிர் வேட் தீர்ப்பு கருக்கலைப்பை நாடெங்கும் சட்டபூர்வமாக்கியபோது முதலில் கொதித்தது கத்தோலிக்கர்கள்தான். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1971-இல், தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களை ஆதரித்துத் தீர்மானமே போட்டிருந்தது. இன்றைக்கு இதைச் சொன்னால் அந்தச் சபைக்காரர்களிலேயே பலர் நம்ப மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. நிற வேறுபாடு காட்டும் தனியார் பள்ளிகளின் வரிவிலக்கை வருமான வரித்துறை (ஐ.ஆர்.எஸ்.) 1970-களில் ரத்து செய்யத் தொடங்கியது. 1978-இல் விதியை இன்னும் இறுக்கப் பார்த்தது. அரசு நம் பள்ளிகளுக்குள் நுழைகிறது என்று போதகர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பைத்தான் கட்சி அமைப்பாளர் பால் வெய்ரிக் போன்றவர்கள் ஓட்டாக மாற்றினார்கள். 1979-இல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரப் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பைத் தொடங்கினார். கருக்கலைப்பு எதிர்ப்பு இந்த இயக்கத்தின் மையத்துக்கு வந்தது அந்தக் காலத்தில்தான்.

இவர்களுக்கெல்லாம் முன்பே ஒரு உள்ளூர்க் கதை இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் கனாவா கவுண்டியில் (கவுண்டி என்றால் மாநிலத்துக்குள் இருக்கும் ஒரு நிர்வாகப் பகுதி) ஆலிஸ் மூர் என்ற போதகரின் மனைவி 1970-இல் ஸ்கூல் போர்டுக்குத் தேர்வானார். 1974-இல் புதிய பாடப்புத்தகங்களை எதிர்த்தார். பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள், சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், போர்டு அலுவலகக் கட்டடத்தில் வெடிகுண்டு வெடித்தது. அத்தனையும் ஒரு கவுண்டியின் பாடப்புத்தகத்துக்காக. வன்முறையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஒரு ஸ்கூல் போர்டு நாற்காலியின் கனம் எவ்வளவு என்பதை நாடு அன்றைக்குத்தான் பார்த்தது.

ஜனாதிபதித் தேர்தல் இருக்கும்போது ஸ்கூல் போர்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள், இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஐந்து, ஏழு, அல்லது ஒன்பது பேர் கொண்ட போர்டு. பாடத்திட்டத்தில் எதை ஏற்பது, நூலகத்தில் எந்தப் புத்தகம், பள்ளிகளின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்ட் யார், எவ்வளவு வரி என்பதில் இவர்கள் கைக்குப் பெரிய பங்கு உண்டு. டெக்சாஸில் இந்த ட்ரஸ்டிகளுக்குச் சம்பளம்கூடக் கிடையாது. பல ஊர்களில் இந்தத் தேர்தல் ஜனாதிபதித் தேர்தலோடு சேராமல் தனியாக, யாரும் கவனிக்காத ஒரு சனிக்கிழமையோ செவ்வாய்க்கிழமையோ நடக்கும். பதிவு செய்த வாக்காளர்களில் பத்தில் ஒருவர் வந்தாலே பெரிய விஷயம் என்ற நிலை பல இடங்களில் உண்டு.

சரி, ஐம்பதாயிரம் வாக்காளர்கள் இருக்கும் ஊரில் ஐயாயிரம் பேர்தான் வருகிறார்கள் என்று வையுங்கள். ஜெயிக்க 2,501 போதும். ஞாயிறுதோறும் ஒன்றாகக் கூடி, ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்து, ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு இன்னொருவர் சாப்பாடு கொண்டுபோகும் சபைகள் நான்கைந்து சேர்ந்தால் அந்த எண்ணிக்கை எட்டாத தூரமா? பணத்தால் ஆகாத காரியம் இது. வேறு எந்தக் கூட்டம் வாரா வாரம் அதே இடத்தில், அதே நேரத்தில், தானாகக் கூடுகிறது?

பிரீசிங்க்ட் என்ற சொல் அடிக்கடி வருகிறதே, அது என்ன?

ஒரு வாக்குச்சாவடிக்கு உட்பட்ட பகுதிதான் பிரீசிங்க்ட். நம் ஊரில் பூத் என்று சொல்வதைப் போல. ஒவ்வொரு பிரீசிங்க்டுக்கும் கட்சியின் சார்பில் ஒரு பிரதிநிதி உண்டு. கான்சாஸ் மாநிலத்தில் ஓர் ஆண், ஒரு பெண் என்று இருவர். கட்சியின் கடைசிப் படி இது. நம் ஊர்க் கட்சிகளில் கிளைச் செயலாளர் மாதிரி என்று வையுங்கள், ஆனால் பல மாநிலங்களில் இவரை மேலிடம் நியமிப்பதில்லை, கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் முதற்கட்டத் தேர்தலில், மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆள் இல்லாமல் காலியாகக் கிடக்கும் இடங்களும் நிறைய.

இந்தக் காலி நாற்காலிகளுக்கு என்ன பலம் என்பதற்கு விச்சிட்டா நகரத்தின் கதையைச் சொல்ல வேண்டும். இந்த இயக்கத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

1991 கோடையில் 'ஆபரேஷன் ரெஸ்க்யூ' என்ற அமைப்பு கான்சாஸின் விச்சிட்டாவில் கருக்கலைப்பு மருத்துவமனைகளின் வாசலில் ஆறு வாரம் மறியல் செய்தது. மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், காரின் முன்னால் படுத்தார்கள். 2,000-க்கும் மேற்பட்ட கைதுகள். கடைசியில் பல்கலைக்கழக விளையாட்டரங்கில் பல்லாயிரம் பேர் திரண்ட கூட்டம். தொலைக்காட்சிக் கேமராக்கள் அதோடு கிளம்பிவிட்டன. மருத்துவமனைகள் மறுபடி திறந்தன. தோற்றுவிட்டார்கள் என்றுதான் வெளியே இருந்தவர்கள் நினைத்தார்கள்.

அந்த வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இப்போது ஒருவரையொருவர் தெரியும். மறு ஆண்டு, 1992 ஆகஸ்ட் பிரைமரியில், அவர்களில் பலர் செட்ஜ்விக் கவுண்டியின் ரிபப்ளிக்கன் பிரீசிங்க்ட் பதவிகளுக்குப் பெயர் கொடுத்தார்கள். அதுவரை கட்சியை நடத்தியவர்கள் வசதியான, மிதவாத ரிபப்ளிக்கன்கள். பிரீசிங்க்ட் பதவியை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கவுண்டிக் கட்சி கை மாறியது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இடையில் விலகினால் அடுத்தவர் யார் என்று முடிவு செய்வதும் கான்சாஸில் இந்தப் பிரீசிங்க்ட் ஆட்கள்தான். 1994-இல், பதினெட்டு ஆண்டுகள் அந்தப் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த ஜனநாயகக் கட்சியின் டான் கிளிக்மன், டாட் டியார்ட் என்பவரிடம் தோற்றார். டியார்டுக்காக வீடு வீடாகப் போனவர்கள் இந்தச் சபை மக்கள்தான்.

மறியலில் கைதான ஒரு அம்மா, அடுத்த ஆண்டு கையில் வாக்காளர் பட்டியலோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார். இந்த மாற்றத்தைத்தான் பலர் பார்க்கத் தவறினார்கள்.

சபைகளில் கொடுக்கும் 'வாக்காளர் கையேடு' என்றால் என்ன?

ஒரே தாள். ஒரு பக்கம் ஒரு வேட்பாளர், மறுபக்கம் இன்னொருவர். நடுவில் கருக்கலைப்பு, வரி, பள்ளியில் ஜெபம் என்று சில தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஆதரவா எதிர்ப்பா என்று குறிப்பு. யாருக்குப் போடுங்கள் என்று எங்கும் இருக்காது. படித்து முடித்தபின் கேட்கவும் தேவையிருக்காது.

இதைப் பெரிய அளவில் செய்தது 'கிறிஸ்டியன் கோயலிஷன்'. தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சன் 1988-இல் ஜனாதிபதி வேட்பாளராக முயன்றார். அயோவா மாநிலத்தில் கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யும் வாக்கெடுப்பில் அப்போதைய துணை ஜனாதிபதி புஷ்ஷையே முந்தி இரண்டாம் இடம் பிடித்தார், அப்புறம் தோற்றார். கையில் மிஞ்சிய ஆதரவாளர் பட்டியலை வைத்து 1989-இல் இந்த அமைப்பு பிறந்தது. அதை நடத்திய ரால்ஃப் ரீட் அப்போது இளைஞர். தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சபைகளில் இந்தத் தாள்கள் போய்ச் சேரும். 1994-இல் மூன்று கோடிக்கும் மேல் விநியோகித்ததாக அமைப்பே சொல்லிக்கொண்டது. 'பட்டியல் மட்டும்தான், பிரசாரம் இல்லை' என்ற வாதத்தை வரித்துறை ஏற்கவில்லை. பத்தாண்டு இழுபறிக்குப் பின் 1999-இல் வரிவிலக்கு மறுக்கப்பட்டது.

என் கருத்தைக் கேட்டால், வேட்பாளர்களின் நிலைப்பாட்டை ஒரே தாளில் போடுவது நல்ல சேவை. எந்தக் கேள்வியைக் கேட்பது, பதிலை எப்படிச் சுருக்குவது என்பதில்தான் நேர்மையும் குறும்பும் பிரிகிற இடம் இருக்கிறது.

தங்களை மறைத்துக்கொண்டு போட்டியிட்டார்கள் என்று சொல்கிறார்களே, உண்மையா?

சில இடங்களில் உண்மை. 1990-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ கவுண்டியில் ஸ்கூல் போர்டு, நகரசபை, மருத்துவமனை வாரியம் போன்ற சின்னப் பதவிகளுக்கு இந்த இயக்கத்தின் ஆட்கள் எண்பதுக்கும் மேற்பட்டோர் நின்றார்கள். ஏறக்குறைய அறுபது பேர் ஜெயித்தார்கள். அவர்களில் பலர் பொது மேடைகளுக்கு வரவில்லை, பத்திரிகைக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை. சபை வாகன நிறுத்தங்களில் துண்டுத்தாள் கொடுப்பது, சபை உறுப்பினர் பட்டியலை வைத்துத் தொலைபேசியில் பேசுவது, இவ்வளவுதான் பிரசாரம். ரால்ஃப் ரீட் அந்தக் காலத்தில் ஒரு பேட்டியில் தன் வேலையைக் கெரில்லாப் போருக்கே ஒப்பிட்டார். முகத்தில் சாயம் பூசி இரவில் நடப்பதாகவும், தேர்தல் இரவு வரை எதிராளிக்குத் தெரியாது என்றும் சொன்னார். பின்னாளில் அப்படிப் பேசியதற்கு அவரே வருந்தினார்.

இந்த இடத்தில் எனக்கு வருத்தம்தான். கிறிஸ்துவை விசுவாசிக்கிறேன், அதனால் இதைச் செய்வேன் என்று வெளிச்சத்தில் நின்று சொல்ல முடியாத ஒருவர், அந்த விசுவாசத்தின் பெயரால் எப்படி ஓட்டு வாங்கலாம்? அதே கவுண்டியின் விஸ்டா பள்ளி மாவட்டத்தில் 1992-இல் பழமைவாதக் கிறிஸ்தவர்களுக்குப் பெரும்பான்மை கிடைத்தது. 1994-இல் மக்களே திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு நடத்தி அந்தப் பெரும்பான்மையை முறித்தார்கள்.

போதகர் பிரசங்க மேடையில் நின்று ஓட்டு கேட்கலாமா?

1954-இல் செனட்டர் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த சட்டத் திருத்தப்படி, வரிவிலக்கு பெற்ற சபையோ தொண்டு நிறுவனமோ ஒரு வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்யக் கூடாது. கொள்கை பேசலாம். வாக்காளராகப் பதிவு செய்யச் சொல்லலாம். பொது வாக்கெடுப்பில் இந்தத் தீர்மானத்தை ஆதரியுங்கள் என்றுகூட அளவோடு சொல்லலாம். ஆள் பெயர்தான் கூடாது.

நடைமுறையில் இந்தச் சட்டத்தைக் கடுமையாக அமல்படுத்தியது மிக அபூர்வம். 1992-இல் நியூயார்க் மாநிலத்து பிங்ஹாம்டன் பகுதிச் சபை ஒன்று பில் கிளின்டனுக்கு எதிராக நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து வரிவிலக்கை இழந்தது. அதைத்தான் எல்லோரும் உதாரணமாகச் சொல்வார்கள். 2008 முதல் சில போதகர்கள் வேண்டுமென்றே மேடையில் பெயர் சொல்லி, அந்தப் பிரசங்கத்தை வரித்துறைக்கே அனுப்பி வைத்தார்கள். 2025 ஜூலையில் டெக்சாஸ் வழக்கு ஒன்றில், ஆராதனையின்போது தன் சபை மக்களிடம் வழக்கமான முறையில் பேசுவது இந்தத் தடைக்குள் வராது என்று வரித்துறையே நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது.

இந்தியாவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். அங்கே மதத்தின் பெயரால் ஓட்டு கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி முறைகேடு, வெற்றியே செல்லாமல் போகலாம். அமெரிக்காவில் வேட்பாளர் தன் விசுவாசத்தைத் தாராளமாகப் பேசலாம். தடை முழுக்க வரிவிலக்கோடு கட்டப்பட்டது.

ஜெயித்து வந்தபின் என்ன நடக்கும்? சொன்னதைச் செய்ய முடிகிறதா?

சில இடத்தில் முடிகிறது. சில இடத்தில் பென்சில்வேனியாவின் டோவர் போல ஆகிவிடுகிறது.

டோவர் சின்ன ஊர். ஒன்பது பேர் கொண்ட ஸ்கூல் போர்டு 2004 அக்டோபரில் 6-3 என்ற கணக்கில் ஒரு தீர்மானம் போட்டது. ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பாடத்தில் பரிணாமத்தைத் தொடங்கும் முன், அதில் ஓட்டைகள் உள்ளன, உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற மாற்று விளக்கமும் இருக்கிறது என்று ஓர் அறிவிப்பை வாசிக்க வேண்டும். எதிர்த்து ஓட்டளித்த தம்பதி அன்றைக்கே போர்டிலிருந்து விலகினார்கள். அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள், நிர்வாகிகள் வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். பதினொரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்களில் சபைக்குப் போகிறவர்களும் இருந்தார்கள்.

2005 நவம்பர் தொடக்கத்தில் விசாரணை முடிந்தது. நான்கே நாளில் ஸ்கூல் போர்டு தேர்தல். எட்டு இடங்களுக்குத் தேர்தல், எட்டு பழைய உறுப்பினர்களும் தோற்றார்கள். டிசம்பர் 20-ஆம் தேதி நீதிபதி ஜான் ஜோன்ஸ் அந்த அறிவிப்பு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். அவர் ரிபப்ளிக்கன், ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். தங்கள் விசுவாசத்தைப் பொதுவெளியில் பெருமையாகப் பேசிய சில உறுப்பினர்கள், கொள்கையின் உண்மையான நோக்கத்தை மறைக்கத் திரும்பத் திரும்பப் பொய் சொன்னார்கள் என்றும் தீர்ப்பில் எழுதினார். பத்து லட்சம் டாலருக்கு மேல் எதிர்த்தரப்பு வழக்குச் செலவு. அதைக் கட்டியது பள்ளி மாவட்டம், அதாவது ஊர் மக்கள்.

தேர்தல் நடந்த நாளில் தீர்ப்பு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். போர்டை மாற்றியது நீதிமன்றம் அல்ல, டோவர் வாக்காளர்கள். பழமைவாதம் மிகுந்த ஊர்தான் அது.

இப்போது நிலைமை எப்படி?

கொரோனா காலப் பள்ளி மூடல்கள், முகக்கவசம், இனம், பாலின அடையாளம் பற்றிய பாடங்கள் எல்லாம் சேர்ந்து 2021-க்குப் பின் ஸ்கூல் போர்டு கூட்டங்களை நிரப்பின. டெக்சாஸில் தன்னைக் கிறிஸ்தவப் பழமைவாத நிறுவனம் என்று சொல்லிக்கொள்ளும் பேட்ரியட் மொபைல் என்ற கைபேசிச் சேவை நிறுவனம், 2022 மே தேர்தலில் டாரண்ட் கவுண்டிப் பகுதியின் நான்கு பள்ளி மாவட்டங்களில் 11 வேட்பாளர்களுக்குப் பணம் செலவழித்தது. 11 பேரும் ஜெயித்தார்கள். 2023 நவம்பரில் பென்சில்வேனியாவின் சென்ட்ரல் பக்ஸ் மாவட்டத்தில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. போட்டிக்கு வந்த ஐந்து இடங்களையும் ஜனநாயகக் கட்சியினர் எடுத்தார்கள்.

கான்சாஸுக்குத் திரும்பி வருகிறேன். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரோ தீர்ப்பை ரத்து செய்தது. ஆகஸ்ட் 2-ஆம் தேதி, மாநில அரசியல் சாசனத்தில் கருக்கலைப்புக்கு உரிமை இல்லை என்று சேர்க்கலாமா என கான்சாஸ் மக்களிடமே கேட்டார்கள். பிரைமரி நாளில் கூட்டம் குறைவாக இருக்கும், சபை மக்கள் தவறாமல் வருவார்கள் என்பது பழைய கணக்கு. ஒன்பது லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். விச்சிட்டா இருக்கும் செட்ஜ்விக் கவுண்டியிலும் 'வேண்டாம்' தான் ஜெயித்தது. முப்பது ஆண்டு உழைப்பு வீண் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த உழைப்பு இல்லாமல் அந்தக் கேள்வி வாக்குச்சீட்டுக்கே வந்திருக்காது. ஆனால் காலி நாற்காலிகளை வைத்துப் போட்ட கணக்கு, எல்லோரும் வந்து உட்கார்ந்த நாளில் பொருந்தவில்லை.

நான் கிரீன் கார்டில் இருக்கிறேன். இதிலெல்லாம் எனக்கு என்ன இடம்?

ஓட்டு போடக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது, வாக்காளராகப் பதிவு செய்யலாமா, நீங்கள் குடிமகனா என்று படிவத்தில் கேட்பார்கள். அவசரத்தில் 'ஆம்' என்று டிக் அடித்துவிடாதீர்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக ஆகிவிட்டால் நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம். மேரிலாந்தின் டகோமா பார்க் போல ஒரு சில ஊர்கள் மட்டும் உள்ளூர்த் தேர்தலில் குடிமக்கள் அல்லாதவர்களையும் அனுமதிக்கின்றன. உங்கள் ஊர் அப்படியா என்று உறுதியாகத் தெரியாதவரை கூடாது என்றே வையுங்கள்.

ஆனால் ஸ்கூல் போர்டு கூட்டத்துக்குப் போகலாம். உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கிறது, உங்கள் சொத்து வரியில் பெரிய பங்கு அந்தப் பள்ளிக்குத்தான் போகிறது. முன்கூட்டியே பெயர் கொடுத்தால் இரண்டு மூன்று நிமிடம் பேச விடுவார்கள். கூட்டத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை மாவட்ட இணையதளத்தில் போட்டுவிடுவார்கள்.

குடியுரிமை வாங்கிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?

கவுண்டித் தேர்தல் அலுவலக இணையதளத்தில் உங்கள் மாதிரி வாக்குச்சீட்டை எடுங்கள். ஸ்கூல் போர்டுக்கு யார் நிற்கிறார் என்று பாருங்கள். அட்டையில் உள்ள வாசகத்தோடு நிறுத்தாமல், அவர்களுடைய நன்கொடைக் கணக்கைத் தேடிப் பாருங்கள், பல இடங்களில் அது பொது ஆவணம். அப்புறம் வேட்பாளரிடமே கேளுங்கள். பெரும்பாலோருக்கு மின்னஞ்சல் உண்டு, சின்னத் தேர்தல் என்பதால் அவர்களே பதில் எழுதுவார்கள். எந்த நூலகப் புத்தகத்தை எடுக்க வேண்டும் என்கிறீர்கள், யார் முடிவு செய்ய வேண்டும், வேறு மதத்துப் பிள்ளை உங்கள் வகுப்பறையில் எப்படி உணர வேண்டும்? நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

உங்கள் பிரீசிங்க்ட் நாற்காலி காலியாக இருக்கிறதா என்றும் கட்சியின் கவுண்டி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். எந்தக் கட்சியானாலும் சரி. பல இடங்களில் காலியாகத்தான் இருக்கும்.